அடுத்த கை வாங்குமா?

“நான் வாங்கிக்குவேங்க. எங்கிட்ட அடுத்தவங்க வாங்க மாட்டாங்களே!”

10 ரூபாய் நாணயத்தை நீட்டினால் விழுப்புரம் மாவட்டத்து வானூர் கடைத்தெருவில் கேட்கும் பதில் இது. கடலோர மரக்காணத்திலும் இதேதான். அது கள்ளக்காசு என்று இப்போது அதிகம் பேர் சொல்வதில்லை. அரசாங்கம் நிறுத்திவிட்டது என்பவர்களும் குறைந்துவிட்டார்கள். தனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அடுத்தவருக்கு இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கடைக்காரரின் தயக்கம். இதைச் சாக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பணம் எப்படி ஓடுகிறது, எங்கே நின்றுபோகிறது என்ற கதை முழுக்க இந்தப் பதிலுக்குள்தான் இருக்கிறது. டீ சொல்லியாயிற்று. வருவதற்குள் அந்த நாணயத்தை மேசைமேல் வைத்து நிதானமாகப் பார்ப்போம்.

வெளியே மஞ்சள் வளையம், உள்ளே வெள்ளை வட்டு. விட்டம் 27 மில்லிமீட்டர், எடை 7.71 கிராம். 2005ஆம் ஆண்டு போட்ட நாணயங்களே உண்டு, ஆனால் மக்கள் கைக்கு வந்தது 2009இல். அப்போது அதில் ₹ குறி கிடையாது, அந்தக் குறியையே அரசு 2010 ஜூலையில்தான் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டிலிருந்து அடித்த நாணயங்களில் குறி ஏறியது. எண்ணுக்கு மேலே கதிர்போல விரியும் கோடுகளை எண்ணிப் பாருங்கள்: சிலவற்றில் 15 இருக்கும், சிலவற்றில் 10. அம்பேத்கரின் 125ஆம் பிறந்த ஆண்டு, காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நூற்றாண்டு என்று நினைவுக்காக வந்த 10 ரூபாய் நாணயங்களும் புழக்கத்தில் கலந்தன. போதாததற்கு மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என நான்கு நாணயச்சாலைகள். ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, வைரக் கட்டம் இருந்தால் மும்பை, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா.

ஆக, ஒரே மதிப்புள்ள இரண்டு நாணயங்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்று போல இன்னொன்று இருக்காது. புதிதாகப் பார்ப்பவருக்கு அதில் ஒன்று போலி என்று தோன்றுவது இயல்புதான். ₹ குறி இல்லாதது செல்லாது, 15 கோடு இருப்பது செல்லாது என்று 2016இல் வட மாநிலங்களில் வாட்ஸப் வழியாகப் பரவிய வதந்திக்கு வேர் இங்கேதான். அந்த வதந்தி ஓடிக்கொண்டிருந்தபோதே நவம்பர் 8 இரவு வந்தது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து, நவம்பர் 20 அன்று, 10 ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி அறிக்கை விட வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கையிலிருக்கும் பணம் ஒரே ராத்திரியில் செத்துப்போகலாம் என்று கண்ணால் கண்டவர்களிடம் போய், “இது மட்டும் சாகாது” என்றால் எப்படி நம்புவார்கள்?

2018 ஜனவரி 17 அன்று ரிசர்வ் வங்கி மறுபடியும் விளக்கியது. அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும், எதையும் மறுக்கக் கூடாது என்றது. 14440 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்தால் இணைப்பு துண்டாகும், பிறகு அவர்களே திரும்ப அழைத்துப் பதிவு செய்த விளக்கத்தைச் சொல்வார்கள். சென்னையில் நாணயம் தடையில்லாமல் ஓடியது. வெளியே பல மாவட்டங்களில் ஓடவில்லை. சட்டம் ஒன்று, ரிசர்வ் வங்கி ஒன்று, மாநிலமும் ஒன்று. மாறியது பக்கத்துக் கடைக்காரர் என்ன செய்வார் என்ற கணிப்பு மட்டும்தான்.

டீ வந்துவிட்டது. சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதில் இரண்டு பக்கமும் தப்பான பேச்சு உலவுகிறது.

நாணயத்தை அடிப்பது ஒன்றிய அரசு. மக்களிடம் சேர்ப்பது ரிசர்வ் வங்கி. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் 6ஆவது பிரிவில் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 1 ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்களை 1000 ரூபாய் வரையான தொகைக்குக் கொடுக்கலாம். 50 பைசா நாணயமாக 10 ரூபாய் வரை கொடுக்கலாம். அதற்குமேல் நாணயமாகவே கொட்டினால் எதிராளி வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம்.

நாணயத்தை மறுத்தால் தேசத்துரோக வழக்கு என்று மிரட்டும் செய்திகள் அவ்வப்போது சுற்றுகின்றன. நாணயச் சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. நாணயத்தை உருக்குவதற்கும் சிதைப்பதற்கும்தான் அதில் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது. மறுப்பவருக்கென்று தனியாக ஒரு தண்டனைப் பிரிவு அதில் கிடையாது. சட்டப்படி செல்லும் பணம் என்றால், ஏற்கெனவே பட்ட கடனைத் தீர்க்க அதை நீட்டினால் போதும் என்பதே அடிப்படைக் கருத்து. இந்த டீயை எடுத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டோம், காசு இன்னும் கொடுக்கவில்லை. அதாவது கடைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதை நாணயத்தால் தீர்க்க நமக்கு உரிமை உண்டு. சாமானைக் கையில் தருவதற்கு முன்பே காசு கேட்கும் கடையில் கடன் என்று ஒன்று இன்னும் உண்டாகவே இல்லை, அங்கே பேச்சு அவ்வளவு நேராகப் போகாது. ஆனால் டீக்கடைக்கு நாளைக்கும் போக வேண்டும். அந்த அண்ணனிடம் சட்டப் பிரிவைக் காட்டிக் காசைத் திணிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அவர் பயப்படுவது நம்மைப் பார்த்தல்ல, பால்காரரையும் சர்க்கரை மொத்த வியாபாரியையும் பார்த்து.

2022இல் தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் சேலத்து ஷோரூமில் 10 ரூபாய் நாணயங்களைக் கொட்டிக் கார் வாங்கியது பலருக்கு நினைவிருக்கும். அம்மாவின் கடையில் சேர்ந்த நாணயங்களை யாரும் வாங்கவில்லை, பிள்ளைகள் அவற்றை வைத்து விளையாடுவதைப் பார்த்தேன் என்பது அவர் சொன்ன காரணம். காரின் விலை சுமார் 6 லட்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 லட்சத்துக்கு 60,000 நாணயம், எடை 460 கிலோவுக்கு மேல். சட்டத்தின் 1000 ரூபாய் வரம்பைப் பார்த்தால் அந்த ஷோரூம் மறுத்திருக்கலாம். மறுக்காமல் உட்கார்ந்து எண்ணி வாங்கிக்கொண்டது. அதனால்தான் அது செய்தியானது, அதனால்தான் அந்த இளைஞர் சொல்ல வந்தது ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

இதே மாதிரி ஒரு கதை அமெரிக்காவிலும் உண்டு. அங்கே 2 டாலர் நோட்டு பார்ப்பதற்கே அரிது. நிறுத்தி வைத்திருந்ததை 1976இல் மறுபடி வெளியிட்டார்கள். ஜனங்கள் அதை அதிர்ஷ்டம், ஞாபகார்த்தம் என்று பீரோவில் பூட்டினார்களே தவிர செலவழிக்கவில்லை. அடுத்த ஆண்டு, தெற்கு கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்துடன் அமெரிக்கக் கால்பந்து ஆடுவதை அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் நிறுத்திக்கொள்ளப் போவதாகப் பேச்சு வந்தது. கிளெம்சன் ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் அணிச் சின்னமான புலிப் பாத முத்திரை குத்திய 2 டாலர் நோட்டுகளைக் கட்டுக்கட்டாக எடுத்துப்போய் அட்லாண்டாவின் ஓட்டல், கடை, பெட்ரோல் பங்க் எல்லாவற்றிலும் அதையே கொடுத்தார்கள். நாங்கள் வராவிட்டால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று கல்லாப்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஊருக்குத் தெரிந்தது. அபூர்வமான பணம் என்பதாலேயே அது கண்ணில் பட்டது.

இது ஒரு நாள் கூத்தாக நின்றுவிடாமல், புதிய நாணயம் ஒன்று எல்லார் சட்டைப்பையிலும் சாதாரணமாகப் புழங்க என்ன வேண்டும்? விளம்பரமும் அறிக்கையும் ஓரளவுக்குத்தான் உதவும். கனடா 1987இல் 1 டாலர் நாணயத்தைக் கொண்டுவந்தது, 1989இல் 1 டாலர் நோட்டை வெளியிடுவதை நிறுத்தியது. வேறு வழி இல்லாததால் நாணயம் ஓடியது. அமெரிக்காவும் 1979இலிருந்து டாலர் நாணயத்தைப் பல வடிவங்களில் முயன்றது, ஆனால் காகித டாலரை நிறுத்தவே இல்லை. யாருக்கும் நாணயம் தேவைப்படவில்லை. 2011 முடிவில் ஏறத்தாழ 140 கோடி டாலர் நாணயங்கள் வங்கிக் கிடங்குகளில் தேங்கிக் கிடக்க, புழக்கத்துக்காக அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

நம் 10 ரூபாய் நாணயத்தின் சிக்கல் இதேதான் என்று நினைக்கிறேன். 1, 2, 5 ரூபாய் நாணயங்களை யாரும் மறுப்பதில்லை, காரணம் அந்த மதிப்பில் கையில் நோட்டு வருவது அரிதாகிவிட்டது. 10 ரூபாய்க்கு நோட்டும் இருக்கிறது, நாணயமும் இருக்கிறது. “நோட்டா குடுங்களேன் அண்ணா” என்று கேட்க ஒரு வழி திறந்திருக்கிறது. வழி திறந்திருக்கும்வரை சந்தேகம் அந்த வழியாகத்தான் போகும். 2020 முதல் புழக்கத்துக்கு வந்த 20 ரூபாய் நாணயமும் இந்தப் பாதையில்தான் நிற்கிறது. அது 10 ரூபாய் நாணயத்துக்கு நேர்மாறு: வெளியே வெள்ளை, உள்ளே மஞ்சள், பன்னிரண்டு பக்கம், தானியக் கதிர்ச் சித்திரம். அதே 27 மில்லிமீட்டர். இன்னும் பலர் அதைக் கையில் வாங்கியதே இல்லை. வாங்கியவர்களும் புதுசு என்று பத்திரப்படுத்துகிறார்கள். பத்திரப்படுத்தப்பட்ட நாணயம் இன்னொருவர் கண்ணுக்குப் பழகாது, பழகாததை அவர் வாங்கத் தயங்குவார்.

மரக்காணம் கடற்கரைக்கு இதெல்லாம் புதிதல்ல. மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கடப்பாக்கம், அதன் அருகே கடலோரத்தில் இடிந்து நிற்கிறது ஆலம்பரைக் கோட்டை. ஆற்காட்டு நவாபு காலத்தில் அங்கே ஒரு நாணயச்சாலை இருந்தது. அங்கே அடித்த பொற்காசுக்கு ஆலம்பரை வராகன் என்று பேர். 1736இல் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களுக்கு நவாபு தோஸ்த் அலி கான் ரூபாய் அடிக்க அனுமதி கொடுத்தார். டெல்லி பாதுஷாவின் பேரைப் பொறித்து, பாரசீக எழுத்தில், ஒரு பிரெஞ்சுக் கம்பெனி நாணயம் அடித்தது. தன் பேரில் அடித்தால் வெளியூர்ச் சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள் என்று அந்த வியாபாரிகளுக்கு நன்றாகவே தெரியும்.

அன்றைக்கு ஒரு துணி வியாபாரியின் மடியில் ஆலம்பரை வராகன், பரங்கிப்பேட்டை வராகன், சென்னைப் பட்டணத்து நட்சத்திர வராகன், ஆற்காட்டு ரூபாய், பணம், காசு எல்லாம் கலந்து கிடந்திருக்கும். ஊர் மாறும்போது மதிப்பு மாறும். நாணயம் மாற்றும் சராப்பு உரைத்துப் பார்ப்பார், எடை போடுவார், இந்த ஊரில் அதிகம் ஓடாத நாணயத்துக்கு வட்டம் பிடித்துக்கொள்வார். அந்த வட்டம்தான் ‘அடுத்தவர் வாங்க மாட்டார்’ என்பதன் விலை. இன்றைய கடைக்காரருக்கு அப்படிப் பிடித்துக்கொள்ளும் வழி இல்லை. 10 ரூபாய் நாணயத்தை ஒன்பதரை ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொல்ல முடியாது. முழுதாக வாங்க வேண்டும், இல்லையென்றால் முழுதாக மறுக்க வேண்டும். மறுக்கிறார்.

இந்தக் கடற்கரையில் விளையும் உப்புக்கும் இந்த நாணயக் கதையில் பங்கு உண்டு. 1815இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்த ஒப்பந்தப்படி, பிரெஞ்சுப் பகுதி உப்பின் மேல் ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கிடைத்த உரிமைக்கு ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் என்று எழுதினார்கள். 1818இல் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் உப்பு விளைவிப்பதையே நிறுத்தினார்கள், உப்பளக்காரர்களுக்கு ஈடாக ஆண்டுக்கு 4000 நட்சத்திர வராகன். ‘ரூபாய்’ என்றோ ‘வராகன்’ என்றோ மட்டும் எழுதினால் போதாது, எந்த ரூபாய், எந்த வராகன் என்று குறித்தே ஆக வேண்டிய காலம் அது. அதே 1818இல்தான் சென்னை மாகாணம் வராகனைவிட்டு ரூபாயைத் தன் கணக்கு நாணயமாக்கியது. கம்பெனி ஆண்ட பகுதி முழுக்க ஒரே ரூபாய் என்றானது 1835இல்.

எந்த நாணயம் என்று கேட்காமல் வாங்கலாம் என்ற நிலைக்கு இவ்வளவு பாடுபட்டு வந்திருக்கிறோம். இதைத் திரும்பவும் உடையவிடலாமா என்பது எனக்கு உண்மையான கவலை. ஏனென்றால் உடையும்போது அடி விழுவது கடைசியில் நிற்பவர் மேல். போனில் ஸ்கேன் செய்து பணம் அனுப்புபவருக்கு நாணயம் ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான். பெரிய கடைக்காரர் மூட்டை கட்டி வங்கிக்கு அனுப்பிவிடுவார். பெட்டிக்கடை வைத்திருக்கும் ஆயாவுக்கும், உப்பளத்தில் கூலிக்குப் போகும் அக்காவுக்கும் அப்படி ஒரு வசதி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தியெல்லாம் தண்ணீர் நிற்கும்போது உப்பள வேலை இருக்காது. அந்த நாட்களுக்கென்று டப்பாவில் போட்டு வைக்கும் சில்லறையில் பாதி 10 ரூபாய் நாணயமாக இருந்து, அதை அரிசிக் கடை மறுத்தால், அவருடைய சேமிப்பில் பாதி அன்றைக்கு இல்லாமல் போகிறது. ஒரு அறிக்கையும் அந்த நேரத்தில் கூட வந்து நிற்காது.

மற்ற அபூர்வப் பணங்களையும் இங்கேயே பேசிவிடலாம். 1 ரூபாய் நோட்டு ரிசர்வ் வங்கியுடையது அல்ல, அரசே வெளியிடுவது, கையெழுத்து நிதித்துறைச் செயலாளருடையது. 1994இல் நிறுத்தி 2015இல் மறுபடி அச்சிட்டார்கள். அது மொய்க் கவருக்கும் மாலைக்கும் போகிறதே தவிர கடைக்கு வருவதில்லை. பழைய 2 ரூபாய், 5 ரூபாய் நோட்டுகளும் செல்லும், புதிதாக அச்சிடுவதில்லை, அவ்வளவுதான். 50 பைசாவும் செல்லும். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30உடன் முடிந்தன. 2000 ரூபாய் நோட்டை 2023 மே 19 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள், ஆனால் செல்லாது என்று அறிவிக்கவில்லை. பீரோத் துணிக்கு அடியில் ஒன்று அகப்பட்டால் பதற வேண்டாம். கடையில் வாங்க மாட்டார்கள், வங்கிக் கிளையிலும் அந்த ஆண்டு அக்டோபர் 7உடன் முடிந்தது. சென்னை உட்பட 19 ஊர்களில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் கொடுக்கலாம், அல்லது அஞ்சலகம் வழியாக அனுப்பினால் உங்கள் கணக்கில் வரவு வைப்பார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1000 ரூபாய் நாணயம், 2024இல் கலைஞர் நூற்றாண்டுக்கு வந்த 100 ரூபாய் நாணயம் போன்றவை புழக்கத்துக்கென்று அடித்தவை அல்ல. நாணயச்சாலையில் விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வதற்கானவை. ஆனால் அண்ணா நூற்றாண்டுக்கு வந்த 5 ரூபாய் நாணயம் தாராளமாகச் செலவானது. அவருடைய தமிழ்க் கையெழுத்து அதில் இருக்கும், உங்கள் சில்லறையில் இன்னும் ஒன்று இருக்கலாம். பழைய 5 ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். தங்கள் பேரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

இனி அந்த உப்பள அக்காவின் டப்பாவுக்கு வருவோம். வங்கிக் கிளைகள் எல்லா மதிப்பு நாணயங்களையும் மாற்றிக் கொடுக்கவும் கணக்கில் வரவு வைக்கவும் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நிலையான உத்தரவு. ‘எண்ண ஆள் இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. எண்ணும் சிரமத்துக்கு வழியும் அதே உத்தரவில் இருக்கிறது: பாலித்தீன் பைக்கு 100 நாணயம் என்று கட்டிக்கொடுத்தால் வாங்குவது எளிது. 10 ரூபாய் நாணயம் 100 என்றால் 771 கிராம், 1000 ரூபாய். வீட்டிலேயே மதிப்பு வாரியாகப் பிரித்து, எண்ணிக் கட்டி, கூட்டம் இல்லாத நேரத்தில் படித்த பிள்ளை ஒருவர் துணையோடு கொண்டுபோனால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அப்படியும் மறுத்தால் கிளை மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒப்புகை கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது, கட்டணம் இல்லை.

கடையில் நாணயம் மீதி வந்தால் நான் மறுப்பதில்லை. வாங்கியதை வீட்டில் சேர்த்து வைப்பதும் இல்லை, அன்றைக்கோ மறுநாளோ இன்னொரு கடையில் கொடுத்துவிடுகிறேன். “ஓடுமா சார்?” என்று கேட்டால், “ஓடும்மா. உங்ககிட்ட யாரும் வாங்கலைன்னா எனக்கே மீதியாக் குடுங்க, நான் எடுத்துக்கறேன்” என்று சொல்வேன்.